சைவ சீனச் சாப்பாடு: போர்டு சரி... சட்டி சரியா?

திருவண்ணாமலைக்குள் சீனா புகுந்து ரொம்ப வருஷம் ஆகிவிட்டது. படை எடுத்து வரவில்லை. தள்ளுவண்டியில் வந்தது!

சாயங்காலம் 6 மணி ஆனால் போதும். பஸ் நிலையம், தேரடித் தெரு, செங்கம் ரோடு என்று அங்கங்கே வண்டிகள் முளைக்கும். காஸ் அடுப்பு இரைச்சல் போடும். மாஸ்டர் சட்டியைத் தூக்கிப் போட்டுப் பிடிப்பார். கோஸ், கேரட், வெங்காயத்தாள் எல்லாம் மேலே பறந்து, திரும்பவும் சட்டியில் விழும். 5 நிமிஷத்தில் பிரைடு ரைஸ் தயார்.

கடை அடைத்துவிட்டு வரும் வியாபாரிக்கு இதுதான் ராத்திரிச் சாப்பாடு. ஆபீஸ் விட்டு வரும் கிளார்க்குக்கும் இதுதான். கிரிவலம் வந்து கால் ஓய்ந்த பக்தர்களில் எத்தனையோ பேருக்கும் இதுதான்.

வண்டியின் நெற்றியில் பச்சை எழுத்தில் ‘சைவம்’ என்று இருக்கும். சில இடத்தில் ‘தூய சைவம்’. வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் ரமண நகர் பக்கம் போனால் ‘வீகன்’ என்று ஒரு புது வார்த்தையும் காதில் விழும்.

எழுதியது எல்லாம் சரி. எழுதியபடி சட்டிக்குள் இருக்கிறதா? அதுதான் கேள்வி.

அரை நிமிஷக் கழுவல்

பௌர்ணமி ராத்திரி. விரதம் இருக்கிற ஓர் அம்மா 14 கிலோ மீட்டர் நடந்து முடித்துவிட்டார். பிள்ளைகள் நூடுல்ஸ் கேட்டு அடம் பிடிக்கிறார்கள். அம்மா வண்டிக்காரரிடம் விசாரிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்:

“தம்பி, இது சைவம்தானே?”

“சுத்த சைவம்க்கா. உங்களுக்கு வெஜ்தான் போடறேன்.”

“கோழி போட்ட சட்டி இல்லையே?”

“கழுவிட்டுத்தான்க்கா போடுவோம்.”

அங்கேதான் விஷயம் இருக்கிறது! கழுவுவது என்றால் என்ன? சட்டியில் ஒரு சொம்புத் தண்ணீர். குச்சி பிரஷால் ஒரு சுழற்று. தண்ணீரைக் கீழே கொட்டினால் முடிந்தது. எல்லாம் அரை நிமிஷம்.

முந்தின ஆள் வாங்கிப்போன முட்டையும் கோழியும் அந்த அரை நிமிஷத்தில் போய்விடுமா? சட்டி போகட்டும். கரண்டி? வடிகட்டி? கோபியும் சிக்கன் 65-ம் ஒரே எண்ணெயில் பொரிந்தால் அதற்கு என்ன கழுவல்?

மாஸ்டர் பொய் சொல்லவில்லை. அவர் கணக்கில், கோழித் துண்டு போடாவிட்டால் அது வெஜ். அந்த அம்மாவின் கணக்கு வேறு. இரண்டு கணக்குக்கும் ஒரே வார்த்தை: சைவம். வம்பே அந்த வார்த்தையில்தான்.

எல்லா வண்டியும் அப்படி என்று சொல்ல முடியாது. சைவம் மட்டுமே போடுகிறவர்கள் இருக்கிறார்கள். தனிச் சட்டி வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் வாடிக்கையாளருக்கு எது எந்த வண்டி என்று எப்படித் தெரியும்? எல்லா போர்டிலும் ஒரே பச்சை எழுத்துதானே!

சண்டை ஒரு பக்கம், சட்டி ஒரு பக்கம்

கிரிவலப் பாதையில் அசைவ ஓட்டல்கள் இருப்பது பற்றி 2023 ஆகஸ்டில் கவர்னர் ஆர்.என்.ரவி கருத்துச் சொன்னார். ஆதரித்தும் பேசினார்கள். எதிர்த்தும் பேசினார்கள். ஊரே இரண்டு பட்டது.

அந்தச் சண்டையில் ஒரு விஷயம் அடிபட்டுப் போயிற்று. ‘பிரியாணி’ என்று போர்டு போட்ட கடையில் ஏமாற்று ஏதும் இல்லை. வேண்டியவர் உள்ளே போவார். வேண்டாதவர் தாண்டிப் போவார். அசைவம் சாப்பிடுவது அவரவர் இஷ்டம். அதில் யாருக்கும் நியாயம் கேட்க உரிமை இல்லை.

ஏமாற்றம் வருவது ‘சைவம்’ என்று எழுதிய இடத்தில்தான். நம்பி உட்கார்ந்தவனுக்குத்தானே ஏமாற்றம்? ஆனால் அந்தச் சட்டிக்குள் எட்டிப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

மஞ்சூரியாவில் மஞ்சூரியன் கிடையாது!

இந்தக் குழப்பம் ஏன் சீனச் சாப்பாட்டில் மட்டும் அதிகமாக வருகிறது? இட்லியில் வருவதில்லை. பொங்கலில் வருவதில்லை. காரணம் அதன் பிறப்பில் இருக்கிறது.

18-ம் நூற்றாண்டின் கடைசியில் கல்கத்தா பக்கம் சீனர்கள் குடியேறினார்கள். முதலில் வந்த சீனர் பெயரில் அச்சிப்பூர் என்ற ஊரே அங்கே இருக்கிறது. பின்னால் வந்த ஹக்கா சீனர்கள் டாங்கிராவில் தோல் பதனிட்டார்கள். ஓட்டல் வைத்தார்கள். இந்தியர் நாக்குக்கு ஏற்றபடி பச்சை மிளகாயும் இஞ்சி பூண்டும் சேர்த்தார்கள். நம் ஊர்த் தள்ளுவண்டிச் சாப்பாட்டுக்குப் பாட்டன் வீடு சீனா அல்ல, கல்கத்தா!

மஞ்சூரியன் இன்னும் வேடிக்கை. கல்கத்தாவில் பிறந்த சமையல்காரர் நெல்சன் வாங் 1975-ல் பம்பாயில், கிரிக்கெட் கிளப் சமையல்கட்டில் செய்தது சிக்கன் மஞ்சூரியன் என்று சொல்கிறார்கள். இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் தாளிப்பில் கரம் மசாலாவுக்குப் பதில் சோயா சாஸ் ஊற்றினார். மக்காச்சோள மாவு சேர்த்தார். பெயர் வைத்தார். மஞ்சூரியாவில் போய்க் கேட்டால் அவர்கள் முழிப்பார்கள்.

அப்புறம் சைவக்காரர்களுக்காகக் கோழி இருந்த இடத்தில் காலிபிளவர் வந்தது. அதுதான் கோபி மஞ்சூரியன்.

ஆக, நம் ஊரில் ‘சைவச் சீனம்’ என்பது பெரும்பாலும் கோழியை எடுத்துவிட்ட கோழிச் சாப்பாடு! துண்டு மட்டும் போனது. கூட வந்த சங்கதிகள் போயினவா? மாவில் முட்டை இருக்கலாம். சூப்புக்குக் கோழி வேகவைத்த தண்ணீர் இருக்கலாம். சாஸ் பாட்டிலில் சிப்பியோ மீனோ இருக்கலாம். நூடுல்சிலேயே முட்டை இருக்கலாம்.

சீனாவில் நிஜமான சைவம்

‘சீனாக்காரன் எல்லாத்தையும் தின்பான்’ என்று பேசுவது வழக்கம். அது பாதி உண்மைகூட இல்லை. சீனாவில் சைவச் சாப்பாட்டுக்கு 1,500 வருஷப் பாரம்பரியம் இருக்கிறது.

6-ம் நூற்றாண்டில் லியாங் நாட்டை ஆண்ட வூ சக்கரவர்த்தி புத்த பக்தர். பிட்சுக்கள் மாமிசம் தொடக் கூடாது என்று கட்டளை போட்டார். மடங்களின் சமையல்கட்டில் தனியாக ஒரு சமையலே வளர்ந்தது. சோயா பாலைத் திரித்து அமுக்கினால் டோஃபு. கோதுமை மாவைப் பிசைந்து தண்ணீரில் கழுவிக் கழுவி எடுத்தால் இறைச்சி போலச் சவ்வாக ஒரு பிசின். அதில் ‘கோழி’ செய்தார்கள். ‘வாத்து’ செய்தார்கள். எல்லாம் பெயருக்குத்தான். உள்ளே கோதுமை!

அந்த மடத்துச் சமையலில் வெங்காயம், பூண்டு கிடையாது. இது எங்கேயோ கேட்ட மாதிரி இல்லை? நம் விரதச் சமையலிலும் வெங்காயம், பூண்டு கிடையாதே!

இன்னொரு ஒற்றுமையும் இருக்கிறது. தினமும் சைவம் சாப்பிடாத சீனர்களில் பலர் மாதத்தில் 2 நாள் மட்டும் மாமிசம் தொடமாட்டார்கள். எந்த 2 நாள்? சந்திர மாதத்தின் 1-ம் நாள், 15-ம் நாள். அதாவது அமாவாசையை ஒட்டி ஒரு நாள், பௌர்ணமியை ஒட்டி ஒரு நாள்!

அண்ணாமலையாரைச் சுற்றுகிறவரும், அங்கே சீனக் கோயிலில் ஊதுபத்தி கொளுத்துகிறவரும் ஒரே நிலாவைப் பார்த்து ஒரே விரதம் இருக்கிறார்கள். அந்தச் சாப்பாடு அண்ணாமலைக்கு அந்நியம் அல்ல.

சிங்கப்பூர்த் தமிழரைக் கேளுங்கள்

சிங்கப்பூரில் வாட்டர்லூ தெரு என்று ஒரு தெரு. அங்கே ஸ்ரீ கிருஷ்ணன் கோயிலும், சீனர்களின் குவான் இம் கோயிலும் அக்கம் பக்கத்தில் இருக்கின்றன. குவான் இம்மைக் கும்பிட்டு வரும் சீனர்கள், அப்படியே கிருஷ்ணனுக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போவார்கள்.

அந்த வட்டாரத்தில் சைவச் சீனக் கடைகளும் உண்டு. விரத நாளில் தமிழர்களும் அப்படிப்பட்ட கடைகளில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். முதல் தடவை போகிறவருக்குத் தட்டைப் பார்த்ததும் பகீர் என்று இருக்கும். ‘கோழி’ கோழி மாதிரியே இருக்கும். ‘மீன்’ மீன் மாதிரியே இருக்கும். கடல்பாசியை ஒட்டித் தோல்கூட வைத்திருப்பார்கள்! “என்னப்பா, தப்பா வச்சுட்டாங்களா?” என்று பக்கத்து ஆளைக் கேட்காதவர் குறைவு.

ஆனால் அந்தக் கடையில் ஒரு நிம்மதி. சமையல்கட்டுக்குள்ளேயே அசைவம் வராது. சட்டி தனியா, கரண்டி தனியா என்ற கேள்விக்கு வேலையே இல்லை. முட்டையும் பாலும் மட்டும் சில கடையில் உண்டு, சில கடையில் கிடையாது. அதைக் கேட்டால் போதும்.

தைவானில் அதற்கும் வழி செய்துவிட்டார்கள். பாக்கெட் உணவில் ‘சைவம்’ என்று மொட்டையாகப் போட 2009 முதல் அனுமதி இல்லை. சுத்த சைவமா, முட்டை சேர்ந்த சைவமா, பால் சேர்ந்த சைவமா, இரண்டும் சேர்ந்த சைவமா, வெங்காயம் பூண்டு வகை சேர்ந்த சைவமா என்று 5 வகையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

அங்கே முடிந்தது இங்கே முடியாதா?

பால்கூட வேண்டாம்

இப்போது வீகன் கதைக்கு வருவோம். இந்த வார்த்தை 1944-ல் இங்கிலாந்தில் டொனால்டு வாட்சன் என்பவரும் அவர் கூட்டாளிகளும் உண்டாக்கியது. இறைச்சி, மீன், முட்டை மட்டும் அல்ல. பால், தயிர், நெய், தேன் எதுவும் கூடாது. மிருகத்தில் இருந்து வருவது எதுவுமே வேண்டாம் என்பது கொள்கை. இந்தியாவிலும் 2022-ல் வீகன் உணவுக்குத் தனி விதி வந்துவிட்டது. சைவத்துக்குப் பச்சைப் புள்ளி போல, வீகன் பாக்கெட்டுக்குத் தனி முத்திரை.

ரமணாசிரமத்துக்கு உலகின் பல மூலையில் இருந்து ஆட்கள் வருகிறார்கள். அவர்களில் வீகன்காரர்கள் உண்டு. நம் ஊர் சைவ ஓட்டலில் அவர்கள் படும் பாடு வேடிக்கை. பொங்கல் கேட்டால் நெய். சாதம் கேட்டால் தயிர். காபி கேட்டால் பால். பன்னீர் பட்டர் மசாலாவில் பேரிலேயே இரண்டு பால் பொருள்! “சார், இது பியூர் வெஜ்” என்று சர்வர் சத்தியம் செய்கிறார். அவர் சொல்வதும் சரி. இவர் வேண்டாம் என்பதும் சரி.

இங்கேதான் சீனச் சமையல் கை கொடுக்கிறது. பழைய சீனச் சமையலில் பாலுக்கும் நெய்க்கும் இடமே இல்லாத மாதிரிதான். எண்ணெய், சோயா, காய்கறி, அரிசி, கோதுமை. அவ்வளவுதான். முட்டையையும் இறைச்சியையும் விலக்கிவிட்டால் அது தானாகவே வீகன் ஆகிவிடுகிறது. நெய்யை ஒளிக்க வேண்டாம். பாலுக்குப் பதில் தேட வேண்டாம்.

அதற்குச் சாமானும் கடல் கடந்து வர வேண்டியதில்லை. டோஃபு கிடைக்காவிட்டால் மளிகைக் கடையில் மீல் மேக்கர் இருக்கிறது. காளான் இருக்கிறது. வேர்க்கடலை இருக்கிறது. சட்டியோ தமிழன் வீட்டில் எப்போதோ வந்துவிட்டது. சீனச்சட்டி என்றுதானே இன்றைக்கும் சொல்கிறோம்!

உறவும் புதிது அல்ல. சீனாவின் சுவான்சௌ துறைமுகத்தில் 1281-ம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அந்த ஊரில் சிவன் கோயில் எழுப்பிய செய்தி அதில் இருக்கிறது. 700 வருஷத்துக்கு முன்பே அங்கே சிவனைக் கொண்டுபோய் வைத்தவர்கள் தமிழர்கள்.

சிவப்பைப் பார்த்து மயங்காதீர்கள்

சட்டியோடு கவலை முடியவில்லை. கலர் ஒன்று இருக்கிறது. கோபி ரத்தச் சிவப்பாக இருந்தால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். அந்தச் சிவப்பு மிளகாயில் இருந்து வந்ததா, பொட்டலத்தில் இருந்து வந்ததா?

2024 மார்ச்சில் கர்நாடக அரசு 171 கோபி மஞ்சூரியன் மாதிரிகளைச் சோதித்தது. 107-ல் ஆகாத செயற்கைக் கலர் இருந்ததாக அறிவித்தது. ரோடமைன்-பி என்ற சாயமும் அதில் அடக்கம். அது துணிக்குப் போடுகிற சாயம்! கோபியில் செயற்கைக் கலர் சேர்க்கவே அங்கே தடை போட்டார்கள். அதற்கு முந்தின மாதம்தான் தமிழ்நாட்டில் இதே சாயம் கலந்த பஞ்சுமிட்டாய்க்குத் தடை வந்தது.

அஜினோமோட்டோ அசைவமா என்று கேட்பவர்கள் உண்டு. அசைவம் அல்ல. 1908-ல் ஜப்பானியப் பேராசிரியர் இக்கேடா கடல்பாசிச் சாற்றில் அந்த ருசியைக் கண்டுபிடித்தார். இப்போது கரும்புப் பாகு போன்றதைப் புளிக்கவைத்துச் செய்கிறார்கள். வேண்டாம் என்பவர், வேண்டாம் என்று சொன்னால் போடாமல் தருவதுதான் மரியாதை.

வாயைத் திறந்து கேளுங்கள்!

வாடிக்கையாளர் பங்கும் இதில் இருக்கிறது. ‘சைவமா?’ என்று ஒரே கேள்வி கேட்டால் ‘ஆமா’ என்று ஒரே பதில்தான் வரும். பிரித்துக் கேட்க வேண்டும்.

சட்டியும் கரண்டியும் தனியா? பொரிக்கிற எண்ணெய் தனியா? நூடுல்ஸ் பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருக்கிறதா? கோபி மாவில் முட்டை உண்டா? சூப்புக்கு எந்தத் தண்ணீர்? சாஸ் பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறது? கலர் போடுகிறார்களா?

7 கேள்வி. ஒரு நிமிஷம்கூட ஆகாது. நேர்மையான மாஸ்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். பாட்டிலை எடுத்துக் காட்டுவார்.

“எல்லாம் நெருப்புல போகுது, இதுல என்ன தீட்டு?” என்று ஒரு வாதம் உண்டு. இது தீட்டு விவகாரம் மட்டும் அல்ல. முட்டை ஒத்துக்கொள்ளாத குழந்தைகள் இருக்கிறார்கள். சட்டியில் ஒட்டிய கொஞ்சம் முட்டையே அவர்களில் சிலருக்கு உடம்பெல்லாம் தடிக்கவைக்கும். மூச்சுத் திணறலில்கூடக் கொண்டுபோய் விடும். அந்தக் குழந்தையின் தாய்க்கு ‘கழுவிட்டோம்க்கா’ என்ற பதில் போதுமா?

மாஸ்டருக்கும் நியாயம் வேண்டும்

வண்டிக்காரர் பக்கமும் பார்க்க வேண்டும். வண்டி 6 அடி. அடுப்பு ஒன்றோ இரண்டோ. தண்ணீர் ஒரு குடம். பௌர்ணமிக்குக் கூட்டம் அலைமோதும். அந்த நெருக்கடியில் தத்துவம் பேச நேரம் ஏது?

ஆனால் வழி ரொம்பப் பெரியது அல்ல. இரும்புச் சட்டி ஒன்றும் கரண்டி ஒன்றும் கூடுதலாக வாங்குவது, நல்ல வியாபாரம் நடக்கும் ஒரே ராத்திரியில் திரும்பி வரக்கூடிய செலவு. பிடியில் பச்சைத் துணி சுற்றிவிட்டால் கை மாறாது. அதற்கும் இடம் இல்லையா? பௌர்ணமி அன்று ஒரு நாள் முழுக்க முட்டையும் கோழியும் இல்லாமல் வண்டி போடலாம். அதுவும் முடியாதா? ‘ஒரே சட்டியில்தான் செய்கிறோம்’ என்று உள்ளபடி எழுதி வைக்கலாம். அப்படி எழுதுகிறவரிடம் கோபிக்க யாருக்கும் உரிமை கிடையாது. இஷ்டம் உள்ளவர் சாப்பிடுவார்.

சைவத்தையும் அசைவத்தையும் தனித்தனியாகக் கையாள வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு விதியே சொல்கிறது. 14 இலக்கப் பதிவு எண்ணும் கடையில் தெரியும்படி இருக்க வேண்டும். திருவண்ணாமலை 2024-ல் மாநகராட்சி ஆகிவிட்டது. மாநகராட்சியும் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகளும் பௌர்ணமிக்கு முன்னால் ஒரு சாயங்காலம் வண்டிகளைச் சுற்றி வரட்டும். அபராதப் புத்தகத்தோடு மட்டும் வர வேண்டாம். எது சைவம், எந்தச் சாசில் என்ன இருக்கிறது என்று சொல்லிக் கொடுக்கவும் வரட்டும். சொன்ன பிறகும் திருந்தாதவரிடம் புத்தகத்தைத் திறக்கட்டும்.

சட்டி முதல் சாஸ் வரை சுத்த சைவமாக, பால்கூட இல்லாமல், உண்மையான சீனச் சமையல் போடும் கடைக்குத் திருவண்ணாமலையை விட நல்ல ஊர் எது? விரதக்காரருக்கும் ஆகும். வெளிநாட்டுக்காரருக்கும் ஆகும். முட்டை ஆகாத குழந்தைக்கும் ஆகும். கூட்டத்தைத் தேடி விளம்பரம் போட வேண்டாம். மாதா மாதம் நிலாவே கூட்டிக்கொண்டு வந்துவிடும்!

அப்படிக் கடை வரும்போது வரட்டும். அதுவரை, அடுத்த பௌர்ணமிக்கு வண்டி தள்ளிக்கொண்டு வரும் மாஸ்டர்கள் ஒரு காரியம் செய்தால் போதும். வண்டியில் இன்னொரு சட்டியை ஏற்றிக்கொள்ளுங்கள்!